பொட்டலத்தின் பின்பக்கம்: முதியோரைப் பேணுவோர்க்கு ஒரு சிறுநூல்

பாயிரம்

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். அவ்விதிப்படி இந்நூலின் பாயிரம் வருமாறு.

ஆக்கியோன்: பெங்களூரில் ஒரு குடும்பத்துக்கு மளிகை வாங்கும் பொறுப்பில் உள்ளவர். வழி: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகள். எல்லை: வடக்கே எலஹங்கா, தெற்கே பன்னர்கட்டா, கிழக்கே ஒயிட்ஃபீல்ட், மேற்கே கெங்கேரி. நூற்பெயர்: மேலே கண்டது. யாப்பு: எட்டு நூற்பாக்கள், அவற்றுக்கு உரை, இறுதியில் ஒரு புறனடை. நுதலிய பொருள்: உணவுப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் அச்சாகியுள்ள எழுத்தும் எண்ணும். கேட்போர்: வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒருவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கும் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளை, சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் பெண். பயன்: அவர் நலமாக, ருசியாகச் சாப்பிடுவது.

நூலின் துணிபு ஒன்றே. லேபிள் ‘சராசரி வளர்ந்தவர்’ என்ற ஒருவருக்காக எழுதப்படுகிறது. அவர் நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்பவர். மாத்திரை எதுவும் சாப்பிடாதவர். நம் வீட்டுப் பெரியவர் அவர் அல்லர். ஆகவே லேபிளை ஒரு கையிலும் மருந்துச் சீட்டை மறுகையிலும் வைத்துப் படிக்க வேண்டும்.

நூற்பா 1
முன்பக்கம் விற்பவர் கூற்று. பின்பக்கம் விதியின் கூற்று.

உரை: முன்பக்கத்துப் படம், நிறம், ‘இதயத்துக்கு இதம்’, ‘பாட்டி கைப்பக்குவம்’ ஆகியவை விற்பவர் தேர்ந்தவை. சேர்பொருள் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை, ஒவ்வாமை அறிவிப்பு, தயாரித்த நாள், முடியும் நாள், பதினான்கு இலக்க உரிம எண் ஆகியவை சட்டம் கேட்டு வாங்கியவை. இரண்டும் முரண்படும் இடத்தில் பின்பக்கமே பிரமாணம்.

முன்பக்கச் சொற்களை அரசே திருத்த வேண்டிவந்ததற்கு அண்மைக் காலத்தில் மூன்று சான்றுகள் உண்டு. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகைக்கு வரையறையே இல்லை. அதே ஆண்டு ஜூனில், அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரிக்கும் பானங்களிலிருந்து ‘100 சதவீதப் பழச்சாறு’ என்ற வாசகத்தை நீக்கச் சொன்னது ஆணையம். 2025 அக்டோபரில், ‘ஓ.ஆர்.எஸ்.’ (வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்ற சொல்லைப் பழச்சுவைப் பானங்களின் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது.

மூன்றாவது சான்று முதியோருக்கு மிக நெருக்கமானது. வயிற்றுப்போக்கில் வயதான உடல் வெகு விரைவில் வறண்டுவிடும். அப்போது தர வேண்டிய உண்மையான கரைசலின் அளவை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மருந்துக்கடையில் வாங்கும் பொட்டலத்தில் இந்த நான்கும் இந்த விகிதத்தில் உள்ளனவா என்று பார்த்தபின்தான் கலக்க வேண்டும். பழச்சுவை ஊட்டிய இனிப்புப் பானம் இதற்கு மாற்றாகாது.

நூற்பா 2
முதலில் நிற்பதே மிகுதியாய் உள்ளது.

உரை: சேர்பொருள் பட்டியல் எடை இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. எது முதலில் இருக்கிறதோ அதுதான் பண்டத்தின் பெரும்பகுதி. மல்டிகிரெயின் பிரெட்டின் பட்டியல் ‘ரீஃபைன்ட் வீட் ஃப்ளோர்’ என்று தொடங்கினால் அது மைதா பிரெட். தானியங்கள் அதில் விருந்தினர்.

ராகி விளையும் மாநிலத்தின் தலைநகரில் ராகி பிஸ்கட், ராகி ரஸ்க், ராகி சேமியா எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன. சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறோம். எந்தச் சேர்பொருளைப் பெயராலோ படத்தாலோ முன்னிறுத்துகிறார்களோ அதன் சதவீதத்தைப் பட்டியலில் சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ராகிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். அந்த எண் சிறியதாக இருந்து, அதற்கு மேலே மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் நின்றால், அதை ராகிப் பண்டமாகக் கணக்கில் வைக்க வேண்டாம். பெரியவருக்கு ராகிதான் தர வேண்டும் என்றால் முத்தே என்னும் ராகிக் களியும் கஞ்சியும் இந்த ஊரிலேயே இருக்கின்றன.

நூற்பா 3
எத்தனைக்கு என்று கேட்டபின் எவ்வளவு என்று கேள்.

உரை: ஊட்டச்சத்து அட்டவணை 100 கிராமுக்கு ஒரு கணக்குச் சொல்லும். ஒருமுறை பரிமாறும் அளவு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் சொல்லும். இரண்டு பொட்டலங்களை ஒப்பிட முதல் கணக்கு உதவும். தட்டில் வைப்பதை அளக்க இரண்டாவது உதவும்.

சதவீதத்தின் அடிக்கணக்கு இது: நாளொன்றுக்கு ஆற்றல் 2,000 கிலோகலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம். ஒரு பிஸ்கட் பொட்டலத்தில் மூன்று பிஸ்கட்டை ஒரு பரிமாறலாக வைத்து, அதில் சேர்த்த சர்க்கரை 6 கிராம், 12 சதவீதம் என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். பெரியவர் காலைக் காபிக்கு மூன்று, மாலைக் காபிக்கு மூன்று தொட்டுச் சாப்பிட்டால் கணக்கு 24 சதவீதம். இரண்டு காபியிலும் போட்ட சர்க்கரை இன்னும் சேரவில்லை. அவர் நாளெல்லாம் வீட்டிலேயே இருப்பவர், 1,500 கிலோகலோரியே போதுமானவர் என்றால், அதே பிஸ்கட் அவருடைய நாளில் இன்னும் பெரிய பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

நூற்பா 4
உப்பு, சோடியம் என்ற பெயரில் நிற்கும்.

உரை: டாக்டர் ‘உப்பைக் குறையுங்கள்’ என்கிறார், அட்டவணை சோடியம் என்கிறது. இரண்டையும் இணைக்கும் வாய்பாடு எளியது: சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைக்கும் மேல்வரம்பு அதுவே.

ஊறுகாய்ப் பாட்டிலில் 100 கிராமுக்கு 4,800 மில்லிகிராம் சோடியம் என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு கரண்டி 15 கிராம் என்றால் சோடியம் 720 மில்லிகிராம். அதாவது 1.8 கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

உப்புக் கரிக்காத பண்டத்திலும் சோடியம் இருக்கும். சமையல் சோடா, பேக்கிங் பவுடர், அப்பளக்காரம், மோனோசோடியம் குளுட்டமேட் (ஐ.என்.எஸ். 621), சோடியம் பென்சோயேட் (ஐ.என்.எஸ். 211) எல்லாம் சோடியத்தின் வீடுகள். ரவா இட்லி இந்த நகரத்தின் சொந்தப் பண்டம். இரண்டாம் உலகப்போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டில் மாவள்ளி டிஃபன் ரூம் அதை உருவாக்கியது. அதற்கான ரெடி மிக்ஸில் பெரும்பாலும் உப்பும் சோடாவும் உள்ளேயே கலந்திருக்கும். இதய பலவீனமோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு அதைச் செய்யும் நாளில் சட்னியிலும் சாம்பாரிலும் உப்பைக் குறைத்துவிடலாம். ரவா இட்லியை நிறுத்த வேண்டியதில்லை.

முன்பக்கத்தில் ‘லோ சோடியம்’ என்று எழுத வேண்டுமானால் 100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கக் கூடாது. ‘குறைந்த உப்பு’ போலத் தோன்றும் மற்ற சொற்றொடர்களை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நூற்பா 5
சர்க்கரைக்குப் பெயர் பல. மாவுச்சத்து அதன் உடன்பிறப்பு.

உரை: சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம், பழச்சாற்று அடர்கூழ் எல்லாம் உடலில் சர்க்கரையாகவே வேலை செய்யும். நான்கு பெயர்களாகப் பிரிந்து பட்டியலின் நடுவில் நிற்கும்போது அவற்றைக் கூட்டிப் பார்த்தால் முதலிடத்துக்கு வந்துவிடக்கூடும்.

மால்டோடெக்ஸ்ட்ரின் தனியாகச் சொல்லத் தக்கது. அது பெரும்பாலும் ‘சர்க்கரை’ வரியில் வராது. ‘கார்போஹைட்ரேட்’ வரியில் வரும். ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். முதியோருக்கென்று விற்கும் சத்துப் பவுடர் டப்பாக்களில் பட்டியலின் மேல் வரிகளில் இதைத் தேடிப் பாருங்கள். நீரிழிவு உள்ளவருக்கு முழு கார்போஹைட்ரேட் வரியே அளவுகோல்.

‘சுகர் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லை என்று பொருள். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பது வேறு. பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள சர்க்கரை அப்படியே இருக்கும். இனிப்புக்காக சார்பிடால், மால்டிடால் சேர்த்த பண்டங்கள் அதிகமானால் பேதியாகும். அவை பத்து சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்த எச்சரிக்கையை லேபிளில் எழுத வேண்டும். இரவில் கழிவறைக்கு எழுந்து நடந்தால் விழக்கூடிய ஒருவருக்கு அந்தச் சிறு வரி பெரிய வரி.

லேகியம் உணவு லேபிளின் விதிக்குள் வராது. ஆயுஷ் மருந்து உரிமத்தில் விற்கப்படுகிறது. ஆனால் அதன் உடலே வெல்லமோ சர்க்கரையோதான். தினமும் சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய பட்டியலில் அதுவும் உண்டு.

நூற்பா 6
மருந்தறியாமல் உணவறிதல் பாதி அறிதல்.

உரை: இந்நூற்பாவே நூலின் நடுத்தூண். ஒருவருக்கு நன்மை செய்யும் லேபிள் இன்னொருவருக்குத் தீங்கு செய்யும் என்பதை இது கூறுகிறது.

குறைந்த சோடியம் உப்பை எடுத்துக்கொள்வோம். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பொதுவான வளர்ந்தவர்களுக்கு இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் பொட்டாசியம் வெளியேறுவதில் சிக்கல் உள்ளவர்களையும் விலக்கியே பரிந்துரைத்தது. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய மருந்துகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். ரத்த அழுத்தத்துக்காக இவற்றில் ஒன்றைச் சாப்பிடும் பெரியவருக்கு, அதே ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று இந்த உப்பை டாக்டரைக் கேளாமல் வாங்கக் கூடாது. மிகுந்த பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும்.

ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன், இண்டபமைடு போன்ற நீர்மாத்திரைகள் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். இவற்றைச் சாப்பிடும் பெரியவருக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் வந்தால் அது வயதின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. அவர் விஷயத்தில் உப்பை எவ்வளவு குறைப்பது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்குச் சத்துப் பவுடரின் வைட்டமின் கே வரி முக்கியம். புதிய டப்பா தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கால்சியம், இரும்பு வரிகள் முக்கியம். அவை மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும், ஆகவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்குப் பட்டியலில் ‘பாஸ்பேட்’ என்று முடியும் பெயர்களும் (ஐ.என்.எஸ். 450, 451, 452) புரத வரியும் முக்கியம். ஆஸ்துமா உள்ளவருக்கு ஒவ்வாமை அறிவிப்பில் ‘சல்ஃபைட்’ என்ற சொல் முக்கியம். உலர்பழங்களில் அதைத் தேட வேண்டும்.

ஆக, ஒவ்வொரு பெரியவருக்கும் பார்க்க வேண்டிய வரிகள் ஒன்றோ இரண்டோதான். அவை எவை என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டு, மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். சமைப்பவர் மாறினாலும் தாள் மாறாது.

நூற்பா 7
நாள் இரண்டு: அச்சிட்ட நாள், திறந்த நாள்.

உரை: முடியும் நாள் என்பது திறக்காத பொட்டலத்துக்குரியது. திறந்தபின் எத்தனை நாள், எங்கே வைப்பது என்பது வேறொரு வரியில் இருக்கும். திறந்த தேதியை மூடியின் மேல் எழுதிவிடுவது நல்ல வழக்கம். வயதாக ஆக மூக்கின் கூர்மை குறையும். புளித்த மாவையும் சிக்கடித்த எண்ணெயையும் பெரியவரே முகர்ந்து கண்டுபிடித்துவிடுவார் என்று இருந்துவிட முடியாது.

பத்து நிமிடத்தில் பொருள் வரும் ஊர் இது. கொண்டுவந்து சேர்க்கும்போது பொருளின் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ, முடியும் நாளுக்கு 45 நாளோ மீதமிருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணையம் இணைய விற்பனையாளர்களிடம் சொல்லியிருக்கிறது. பையைப் பிரித்ததும் தேதியைப் பாருங்கள். குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நூற்பா 8
எழுத்தில்லாப் பொருளுக்குக் கேள்வியே லேபிள்.

உரை: பெங்களூர்ப் பெரியவர்களின் மாலைத் தீனி பெரும்பாலும் லேபிள் இல்லாதது. மல்லேஸ்வரத்திலும் காந்தி பஜாரிலும் காண்டிமென்ட்ஸ் கடைக்காரர் நிறுத்துக் கொடுக்கும் நிப்பட்டு, கோடுபளே, சக்லி, காங்கிரஸ் கடலை. ஐயங்கார் பேக்கரியின் காரா பன், தில் பசந்த். இவற்றை விட்டுவிடச் சொல்வது இந்த நூலின் கருத்தன்று. மூன்று கேள்விகள் போதும்: இன்று போட்டதா? என்ன எண்ணெய்? உப்பும் சோடாவும் குறைந்த வகை இருக்கிறதா? நிதமும் வாங்கும் வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் பதில் சொல்வார். கண்ணாடிப் பெட்டியில் உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு, எதுவரை சாப்பிட நன்று என்ற தேதியைக் கடையில் வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தவிர்ப்பதும் நல்லது. கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் ரோடமின்-பி சாயத்தை 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை செய்தது அதற்குப் போதுமான காரணம்.

புறனடை

மேலே சொன்ன எட்டும் பெரியவரின் தட்டைக் காலி செய்வதற்கு அல்ல. முதுமையில் உடல் இளைப்பதும் தசை கரைவதும் உப்பைப் போலவே ஆபத்து. ஊட்டச்சத்துக் குறைவுள்ள முதியோருக்கு உணவுத் தடைகளைத் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டியே கூறுகிறது. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று தட்டை ஒதுக்கிவிட்டு வெறும் காபியோடு படுத்துவிடுகிறவருக்கு, சோடியக் கணக்கு சரியாக இருந்து பயனில்லை. ஒரு பண்டத்தை எடுத்தால் அதன் இடத்தில் அவருக்குப் பிடித்த இன்னொன்றை வைக்க வேண்டும். எடை குறைகிறதா என்பதை மாதந்தோறும் பார்க்க வேண்டும். எதைக் குறைக்கிறோம், ஏன் என்று அவரிடமே சொல்ல வேண்டும். சாப்பிடுகிறவர் அவர், முடிவிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அதற்கு அவரால் படிக்க முடிய வேண்டும். லேபிளின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழிகள் விரும்பினால் சேர்க்கலாம் என்பதே மத்திய விதி. கர்நாடகத்தின் 2022ஆம் ஆண்டுக் கன்னட மொழி வளர்ச்சிச் சட்டம், இங்கே தயாராகும் பொருள்களின் பெயரையும் பயன்படுத்தும் முறையையும் கன்னடத்திலும் கேட்கிறது. சோடியத்தையும் சர்க்கரையையும் சொல்லும் அட்டவணை மட்டும் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அல்சூரில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கும் பசவனகுடியில் கன்னடம் மட்டும் தெரிந்த அஜ்ஜிக்கும் அது மூடிய கதவு.

மொழி கடந்து சொல்ல நமக்குத் தெரியாமல் இல்லை. நீல நிற நந்தினிப் பாக்கெட் என்றால் டோன்டு பால், கொழுப்பு 3 சதவீதம் என்பதைப் படிக்காதவரும் அறிவார். பச்சை வட்டம் சைவம் என்பது நாடு முழுவதும் புரிகிறது. அசைவக் குறியைப் பழுப்பு வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்றியதால் நிறம் பிரித்தறியாதவருக்கும் புரிகிறது. சிலி நாடு 2016 முதல் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பொருளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம் போட்டு எச்சரிக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் முன்பக்க எச்சரிக்கை பற்றி முடிவெடுக்க மூன்று மாதக் கெடு விதித்தது.

ஆணையத்துக்கு இந்நூலின் விண்ணப்பம் இரண்டு: எச்சரிக்கை முன்பக்கத்துக்கு வரட்டும்; அட்டவணை பொருள் விற்கும் மாநிலத்தின் மொழியிலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்திலும் வரட்டும். வாசகருக்கு விண்ணப்பம் ஒன்று: அது வரும்வரை, வாங்கி வந்த பொட்டலத்தின் பின்பக்கத்தை உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அவருடைய மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.